திரைக்கு வெளியே ஒரு குரல்: கே. ஏ. குணசேகரனும் மதுரை வட்டார மக்களிசையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை வட்டாரப் பாடகர்களுக்கு நாடக மேடையே வாழ்வளித்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், பல ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவுக்கு மட்டும் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடக மரபும் குரல்வளமுடையோரை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின் அக்குரல்களில் பல திரைக்குப் பெயர்ந்தன. நாளடைவில் பொதுமக்கள் கேட்கும் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்றாயிற்று. 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ நாட்டுப்புற மெட்டைத் திரையின் நடுவே நிறுத்தியது பெருஞ்சாதனையே. எனினும் அம்மெட்டுகள் பிறந்த வயலும் சாவு வீடும், அவற்றைப் பாடியோரின் சாதிநிலையும் திரைக்கதையின் தேவைக்குள் கரைந்துபோயின.

இவ்விடைவெளியில் எழுந்தவரே கே. ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கை மாவட்டத்தில் மாரந்தை என்னும் சிற்றூரில் பிறந்து இளையான்குடியில் வளர்ந்த அவர், அவ்வூரின் இசுலாமியர் தம்மிடம் சாதி பாராட்டாததையும், சுற்றுக் கிராமங்களில் அது ஒவ்வோர் அடியிலும் குறுக்கிட்டதையும் ‘வடு’ (2005) என்னும் தன்வரலாற்றில் அருகருகே வைத்துக் காட்டுகிறார். மதுரையில் உயர்கல்வி பெற்று நாட்டுப்புறக் கலைகளை ஆய்வுப் பொருளாக்கிக்கொண்ட அவரிடம், பாடல்களைத் தொகுப்பவரும் மேடையில் பாடுபவரும் ஒருவரேயாக இருந்தமை தனித்துக் குறிக்கத்தக்கது. ஏட்டில் பதிந்த பாட்டு அங்கேயே உறைந்துவிடாமல், பாடிய மக்களிடமே மேடைவழித் திரும்பியது.

இதற்குத் துணைநின்ற கருவி ஒலிநாடா. இசைத்தட்டைப்போல் பெருமுதல் வேண்டாததும், ஒருவரிடமிருந்து மற்றொருவர் எளிதாகப் படியெடுத்துக்கொள்ளக்கூடியதுமான கேசட், 1980களில் திரைநிறுவனங்களின் தயவின்றி ஒரு பாடலைச் சிற்றூர்த் தேநீர்க்கடைவரை சேர்த்தது. கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடல் இவ்வகையில் குணசேகரனின் குரலோடு ஒன்றிப்போனது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணிக் கொடுமையின் நினைவோடு பிணைந்த அப்பாடல், இரங்கலாக ஒலிக்காமல் அறைகூவலாக ஒலித்ததற்கு அவர் குரலின் கட்டற்ற உரமே முதற்காரணம் எனல் தகும்.

அவருடைய தன்னானே கலைக்குழு செய்த பணி இன்னும் ஆழமானது. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, தடித்த குச்சியொன்றாலும் மெல்லிய நீண்ட குச்சியொன்றாலும் முழக்கப்படும் பறை, சாவுக்குரிய இழிதொழிற் கருவியென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனை அரங்கின் முன்வரிசைக்குக் கொணர்ந்தது, ஒரு வாத்தியத்திற்கு இடம் தேடிய முயற்சி மட்டுமன்று. அதை அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள் தம் விருப்பத்தால் அடிக்கும் உரிமையை நிலைநாட்டிய செயலாகும். தலித் அரங்கின் முன்னோடிப் படைப்பாக மதிக்கப்படும் அவருடைய ‘பலி ஆடுகள்’ நாடகமும் இவ்வழியில் வந்ததே.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நிகழ்கலைப் பள்ளியின் தலைமையும், பின்னர்ச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் வந்தன. திரைவாய்ப்பை நம்பி வாழவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லாமற்போனதற்கு இப்பேராசிரியப் பணியே காரணம் என்பதை, அவரது கலைத்தன்னுரிமையைப் போற்றுவோர் போதிய அளவு கருதுவதில்லை. அவர் மறைந்தபின், 2018 ஜனவரியில் சென்னையில் கானா, ராப், ராக் ஆகியவற்றை இணைத்து அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சாதி எதிர்ப்பை இசையாக்கியபோது, அதன் பின்னே திரை இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இணையக் காணொளியும் இருந்தன; குணசேகரனின் குரலோ கேசட்டாகக் கைமாறியும் மேடைக்கு மேடை நடந்துமே அதே கேட்போரைத் தேடிச் சென்றது.