அப்புக்காத்து

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வயதானவர்கள் அறிந்த சொல். ஒல்லாந்தரின் 'அட்வொகாட்' தமிழ் நாவில் இப்படி உருண்டது. மன்றில் வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து வழக்குத் தாள்களை ஆயத்தம் செய்பவர் பிறக்கிராசியார்.

இரண்டு வகுப்பு, இரண்டு மதிப்பு. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. 1974 முதல் எல்லாரும் சட்டத்தரணிகள். அவ்வாண்டே இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் உருவானது. அதன் தலைவரை நாடெங்குமுள்ள உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். பிரதேசச் சங்கங்களின் பிரதிநிதிகளும் அதன் பேரவையில் அமர்கிறார்கள். புதுக்கடை நீதிமன்றங்களில் வாதாடும் மூத்தவருக்கும் பருத்தித்துறையில் உறுதி முடிக்கும் இளையவருக்கும் ஒரே வாக்கு. பெயர் மாறியதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் 'பிறக்கிராசி' என்ற சொல்லைப் பழைய காணி உறுதிகளில் இன்றும் வாசிக்கலாம்.