நிலக்கடலை மஞ்சளாகிறதா? யூரியா போடும் முன் கவனியுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்னும் நெல்லும் நிலக்கடலையும் பயிராகின்றன. நிலக்கடலை மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

அடி இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. இதற்கு யூரியா பயன்படாது, பணம்தான் வீண்.

மண்ணில் இரும்பு இல்லையா?

நிறையவே இருக்கிறது. ஆனால், காற்றோட்டமுள்ள மண்ணில் அது துருவைப்போல் கரையாமல் கிடக்கிறது. காரத்தன்மை கூடிய மண்ணிலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் வேருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். உப்புத் தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும் இதைக் கூட்டலாம்.

நீர் தேங்கிய நெல் வயலில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே காற்று இல்லாததால், சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் துரு இரும்பைக் கொண்டே சுவாசிக்கின்றன. அப்போது இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது.

பாக்டீரியா இரும்பைப் பிடிக்கும் விதம்

மேட்டு நிலத்தில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு வேறு வழி உண்டு. இரும்பு கிடைக்காதபோது ‘சிடரோஃபோர்’ என்ற பொருளைச் சுரந்து வெளியே விடுகின்றன. அது இரும்பைக் கவ்விக் கரைக்கிறது. அந்தப் பொருளைத் தன் மேலுறையிலுள்ள வாசல் வழியாக பாக்டீரியா உள்ளே இழுத்துக்கொள்கிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் சுரக்கும் இப்பொருள் மஞ்சள் கலந்த பச்சை நிறம். புற ஊதா ஒளியில் ஒளிரும்.

இதனால் வேரைச் சுற்றியுள்ள நோய்ப் பூஞ்சைகளுக்கு இரும்பு கிடைக்காமல் அவற்றின் வளர்ச்சி தடைபடுகிறது. 1980-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். சில பயிர்களின் வேர்களும் இப்படிக் கவ்விய இரும்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

என்ன செய்யலாம்?

* விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்.
* மண்ணில் இட: ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது தூவவும்.
* ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியுடன் கலக்க வேண்டாம், பாக்டீரியா செத்துவிடும்.
* பயிர் ஏற்கெனவே வெளுத்திருந்தால் சூடோமோனாஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கவும். 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கவும்.

அடுத்த விதைப்புக்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வழி கேட்கலாம். தொழு உரம் தவறாமல் இடுங்கள். பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டும். அது இல்லாத மண்ணில் எந்தப் பொட்டலமும் வேலை செய்யாது.