பக்கிங்காம் கால்வாய்: படகு வழியும் கரையோரச் சாலையும்

பக்கிங்காம் கால்வாய், ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஓடும் உப்புநீர்க் கால்வாய். இதன் நீளம் சுமார் 420 கி.மீ.; இதில் ஏறத்தாழ 163 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இக்கால்வாய்.

தோற்றம்

1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டும் பணி தொடங்கியது. காக்ரேன் கால்வாய் எனப்பட்ட இது பழவேற்காடு ஏரிவரை நீண்டது; 1837இல் அரசின் கைக்கு வந்தது. கரையோரக் கழிமுகங்களை ஒன்றோடொன்று இணைத்து வெட்டியதால் கடலின் ஏற்றவற்றமே இதற்கு நீர் தந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பட்டினியால் வாடிய மக்கள் கூலிக்கு மண் வெட்டி, கூவத்தையும் அடையாற்றையும் சுமார் 8 கி.மீ. நீளத்துக்கு இணைத்தனர். 1878இல் இதற்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

படகுக் காலம்

விறகும் உப்பும் காய்கறியும் மீனும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். பாரதிதாசன் 1934இல் நண்பர்களுடன் படகில் மாமல்லபுரம் சென்ற அனுபவமே 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையானது. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. படகுப் போக்குவரத்து நின்றது.

சாலைக் காலம்

சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறக்கப்பட்டபின், பயணிகளுக்கு இக்கரை மீண்டும் பழக்கமானது. முட்டுக்காடு பாலத்தில் ஒருபுறம் கழிவெளி விரிகிறது, மறுபுறம் முகத்துவாரம். மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக உப்பளங்களும், மழைக்கு அஞ்சிப் பனையோலை போர்த்திய உப்புக் குவியல்களும் சாலையோரம் வருகின்றன. ஒரு காலத்தில் படகேறிய அதே உப்பு இன்று லாரியில் போகிறது.

இன்றைய நிலை

சென்னை நகருக்குள் கால்வாய் சாக்கடையாகிவிட்டது. பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் அகலத்தை விழுங்கின. ஆனால் 2004 ஆழிப்பேரலையின்போது பொங்கிவந்த நீரை உள்வாங்கிப் பல இடங்களில் உயிர்களைக் காத்தது இக்கால்வாய்தான். 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மீண்டும் படகு ஓடுகிறதோ இல்லையோ, வெள்ளத்துக்கு வடிகாலாகவும் அலைக்கு அரணாகவும் இருக்கும் இக்கால்வாயைத் தூர்வாரிக் காப்பது கரையோர மக்களின் உயிரைக் காப்பதாகும்.