குத்தூசியும் சின்சேயும்: சீன மருத்துவம் தொழில்நெறியாக வளர்ந்த வரலாறு



தாப்பாவிலும் அதைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வளர்ந்த என் தலைமுறையினர்க்கு ‘ஊசி’ என்னும் சொல் மருத்துவத்தில் ஒரே பொருளைத்தான் தந்தது. தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் போடும் ஊசி அது. மருந்தை உடலுக்குள் செலுத்தும் கருவி. மருந்தே இல்லாத ஊசியும் நோவைத் தணிக்கும் என்பதைப் பட்டணத்துச் சீன மருந்துக்கடையில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அங்கிருந்த வைத்தியரை எங்கள் பெரியவர்கள் ‘சின்சே’ என்று அழைத்தார்கள். சுளுக்கு என்றாலும் எலும்பு பிசகினாலும் லயத்து மக்கள் அவரிடம் செல்லத் தயங்கியதில்லை.

‘சின்சே’ என்பது ஹொக்கியென் வழியாக மலாயிலும் நம் பேச்சுத் தமிழிலும் புகுந்த சொல். அதன் நேர்ப்பொருள் ‘முன்னே பிறந்தவர்’ என்பதாகும். சீனத்தில் ஆசிரியரையும் மருத்துவரையும் மதிப்புக்குரிய எவரையும் அது குறித்து வந்திருக்கிறது. அந்தப் பட்டத்தை ஊர் வழங்கியது, அரசு வழங்கவில்லை. இன்றோ அதே பணியைச் செய்பவர் சட்டப்படி ‘பதிவு பெற்ற மருத்துவப் பணியாளர்’. இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட வரலாறே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றில் தமிழர்க்கு என்ன பாடம் இருக்கிறது என்பதை இறுதியில் காண்போம்.

பேராவிலிருந்தே தொடங்கலாம். 1879ஆம் ஆண்டில் கோப்பெங்கில் யூ கோங் என்பவர் ‘யான் சாங்’ என்னும் மருந்துக்கடையைத் திறந்தார். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் உடல்நோவை மறக்க அபினியை நாடிய காலம் அது. அவர்களுக்கு மூலிகை மருந்து தருவதே கடையின் நோக்கம். ‘யான்’ என்பது அருளுடைமை. ‘சாங்’ என்பது உயிர் அல்லது வாழ்வு. அவர் மகன் யூ தோங் சென் காலத்தில் அக்கடை ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய நகரங்களுக்குப் பரவி ‘யூ யான் சாங்’ என்னும் பெரிய நிறுவனமாயிற்று. கோலாலம்பூரிலோ 1881இல் காப்பித்தான் யாப் குவான் செங் ஏழைகளுக்கான சீன மருத்துவ நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். இன்றைய துங் ஷின் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஒன்று வணிகம், மற்றொன்று அறம். சீன மருத்துவம் இந்நாட்டில் வேரூன்றியது இவ்விரு கால்களாலேயே.

ஆயினும் அக்காலத்துச் சீன மருத்துவத்தின் முகம் மருந்துப் பொட்டலமே, ஊசி அன்று. இதற்குக் காரணம் உண்டு. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தின் ஊசி மருத்துவத் துறையை மூடிவிட்டார். ஊசி குத்துவதும் சூடு இடுவதும் மன்னர் திருமேனிக்குத் தகா என்பது சொல்லப்பட்ட காரணம். அதன்பின் ஊசி மருத்துவம் கற்றோர் மதிப்பை இழந்து, பெரும்பாலும் எளிய மக்களிடையே உலவும் கைத்தொழிலாயிற்று. 1929இல் நாங்கிங் தேசிய அரசின் மருத்துவ மாநாடு சீன மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. மார்ச்சு 17ஆம் நாள் மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் சாங்காயில் திரண்டு எதிர்த்தனர். தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை.

அந்த எதிர்ப்பு வெறும் முழக்கத்தோடு நின்றிருந்தால் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம். செங் தான்-ஆன் (1899–1957) என்னும் மருத்துவர் 1930களில் வூசியில் பள்ளி நடத்தினார். ஊசி மருத்துவத்திற்கெனத் தனி இதழும் வெளியிட்டார். பழைய ஊசிகளில் கீறும் கத்தி போன்றவையும் பருத்தவையும் இருந்தன. அவர் மெல்லிய கம்பி ஊசியை முதன்மைப்படுத்தினார். குத்தும் நிலைகளை நவீன உடற்கூற்றியல் படத்தின்மேல் வைத்துக் காட்டினார். இன்று உலகெங்கும் காணும் அக்குபஞ்சர் ஈராயிரம் ஆண்டு மரபின் வழிவந்தது என்பது உண்மை. அதன் இன்றைய வடிவம் 20ஆம் நூற்றாண்டில் திருத்தியமைக்கப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. 1956இல் பெய்ஜிங், சாங்காய், குவாங்சோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் அமைந்தன. குருவின் வீட்டில் கற்ற கலை, பாடத்திட்டமும் தேர்வும் உடைய படிப்பாக மாறிற்று.

மேலைநாட்டு மக்களின் ஆர்வத்தைத் தூண்டியது ஒரு செய்தி. 1971இல் பெய்ஜிங் சென்ற அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. பிற்பாடு ஏற்பட்ட வயிற்று உளைச்சலுக்கு ஊசி மருத்துவம் செய்தார்கள். அதை அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அறுவையே ஊசியால் வலி மறக்கச் செய்து நடந்தது என்று பலர் இன்றும் சொல்வது பிழை. அறுவைக்கு வழக்கமான மயக்க மருந்தே தரப்பட்டது.

‘அக்குபஞ்சர்’ என்னும் சொல் சீனச்சொல் அன்று. அது இலத்தீன், ‘அக்குஸ்’ ஊசி, ‘பங்க்துரா’ குத்தல். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் வில்லெம் டென் ரைனே, 1674 முதல் 1676 வரை சப்பானின் தெஜிமாத் தீவில் கண்டறிந்ததை எழுதி 1683இல் இலண்டனில் வெளியிட்டார். அந்நூலே இச்சொல்லை ஐரோப்பாவில் பரப்பியது. சீனர் வழங்கும் சொல்லோ ‘சென்ஜியு’. ஊசியும் சூடும் என்பது பொருள். மேலையோர் பெயரிடும்போது சூட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டனர். தமிழில் ‘குத்தூசி மருத்துவம்’ என்கிறோம். சொல்லாக்கம் எளிமையானதே, ஆனால் ‘குத்தூசி’ கூரை வேய்வோரும் சாக்குத் தைப்போரும் பயன்படுத்தும் பருமனான ஊசி. மயிரிழை போன்ற ஊசிக்கு அப்பெயர் பொருந்துமா என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நிலைகளின் பெயர்களையும் நோக்குங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள நிலை ‘ஹகு’. கூடும் பள்ளத்தாக்கு என்பது பொருள். உலக நலவாழ்வு நிறுவனம் 361 நிலைகளுக்குப் பொதுக் குறியீடு வகுத்தபோது அது ‘பெருங்குடல் 4’ ஆயிற்று. எந்நாட்டு மருத்துவரும் புரிந்துகொள்ளக் குறியீடு வேண்டும். ஆனால் இடத்தை நினைவில் நிறுத்துவது பெயரே.

இங்கே நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு வினாவுக்கு விடை சொல்லவேண்டும். ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் 2011இல் வந்தபின், போதிதருமர்தாம் இம்மருத்துவத்தைச் சீனருக்குக் கற்பித்தார் என்ற பேச்சு வகுப்பறைகளிலும் புகுந்துவிட்டது. காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 1973இல் சீனத்தின் மாவாங்துயி கல்லறையில் பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அக்கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. உடலில் ஓடும் பதினொரு தடங்களை அவ்வேடுகள் விவரிக்கின்றன. அவற்றுக்குச் சூடு இடுவதையும் கூறுகின்றன. மரபு சொல்லும் போதிதருமரின் காலமோ கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு. பேரனுக்குப் பின் பாட்டன் பிறக்க இயலாது.

இதனால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. குமரிப் பகுதியில் வாழும் வர்ம மருத்துவம் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 நிலைகளைக் கூறுகிறது. அது ஊசியை நாடாது. விரலால் தூண்டியும் தடவியும் இளக்கும். சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் 32இல் ‘சுட்டிகை’ என்னும் சூடிடும் முறையும் உண்டு. இரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய்வது நல்ல ஆய்வு. ஒன்றை மற்றொன்றின் தாய் என்று சான்றின்றிச் சாதிப்பது ஆய்வன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2007இல் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு தொடங்கியது. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய பராமரிப்புக்கும் அக்குபஞ்சர் அங்கே இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு மன்றம் உண்டு, பதிவேடு உண்டு, தகுதியும் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, கை தூய்மை, நோயாளியின் ஒப்புதல், தன்னால் இயலாத நோயாளியை உரிய மருத்துவரிடம் அனுப்புதல் ஆகியவை இன்றைய அக்குபஞ்சர் பணியின் அடிப்படை நெறிகள். நாள்பட்ட சில வலிகளில் பயன் உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. போலி ஊசியோடு ஒப்பிடும்போது அப்பயன் சிறிதாகவே தெரிகிறது என்பதையும் அவை மறைப்பதில்லை. தன் எல்லையை அறிந்து சொல்வதும் ஒரு தொழில்நெறியின் இலக்கணமே.

அச்சட்டம் மலாய், சீன மரபுகளோடு இந்திய மரபு மருத்துவத்தையும் ஏற்கிறது. சித்தம் அதனுள் அடங்கும். தாளில் உரிமை சமம். நடைமுறையில் ஏன் ஒரு மரபு முன்னே நிற்கிறது? விடை மருந்தில் இல்லை, மொழியில் இருக்கிறது. சீன மாணவர் தொடக்கப்பள்ளியிலிருந்து தனியார் இடைநிலைப்பள்ளி வரை தம் மொழியிலேயே கற்க வழியுண்டு; ஆகவே பழைய மருத்துவ நூலைத் திறந்தால் படிக்க இயல்கிறது. உயர்கல்வியிலும் ஏணி நீள்கிறது. துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் சீன மருத்துவத்தில் இளங்கலைப் பட்டமே வழங்குகிறது. நம் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது; அதற்குமேல் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. சித்தர் நூல்கள் செய்யுளில் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரியாத தலைமுறை அவற்றைப் பெருமையாகப் பேசலாம். பயிற்சியாகக் கொள்ள இயலாது.

தமிழ்நாட்டிலும் நடந்தது இதுவே. 1923இல் உஸ்மான் குழு சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை அளித்தது. நாட்டு மருத்துவர்கள் தம் மொழியில் எழுதிய விடைகளும் அதில் இடம்பெற்றன. அதன்வழி இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. சீனர் 1929இல் காத்ததை நம்மவர் அதற்குச் சற்று முன்பே காக்கத் தொடங்கினர். இரு இடங்களிலும் கைகொடுத்தவை எழுத்தும் பள்ளியுமே.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தியம், சுளுக்கு வழித்தல், ஒற்றடம், பேறுகால மருந்து எனத் தோட்டத்து லயங்களில் வழங்கிய மருத்துவச் சொற்களை இன்றும் சொல்லக்கூடிய பாட்டிமார் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மாணவர்களைக் குறிப்பேட்டுடன் அவர்களிடம் அனுப்புங்கள். சொல், பொருள், செய்முறை, சொன்னவரின் தோட்டம், கேட்ட நாள் ஆகிய ஐந்தையும் எழுதச் செய்யுங்கள். யார் முன்னே பிறந்தவர் என்ற வழக்கை ஒத்திவைத்து, முன்னே பிறந்தவர்களிடம் கேட்டு எழுதும் பணியை இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.