அம்பாசடரின் அழுத்த விகிதம்: சீவப்பட்ட ஹெட்டின் கணக்கு

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் உருவாகத் தொடங்கியபோது, அதன் முன்மூடிக்குள் இருந்தது 1476 சி.சி. கொள்ளளவுள்ள பழைய பக்கவால்வு எஞ்சின். சில ஆண்டுகளுக்குள் அதன் இடத்தைப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் பிடித்தது. இரண்டின் உருளைத் துளையும் ஏறத்தாழ ஒரே அளவு: முன்னதில் 73.5 மில்லிமீட்டர், பின்னதில் 73. ஆயினும் இவ்விரண்டின் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் ஒரே அளவு உலோகத்தைச் சீவினால் விளைவு ஒன்றாக இராது. பட்டறைகளில் பலமுறை தவறாகப் போடப்பட்ட கணக்கு இது.

இந்தியச் சாலைகளில் ஹெட்டைச் சீவியவர்கள் பெரும்பாலும் வேகத்தை நாடிச் சீவவில்லை. கோடையில் ரேடியேட்டர் நீர் வற்றும், எஞ்சின் கொதிக்கும், வார்ப்பிரும்பு ஹெட் சற்றே வளையும், கேஸ்கட் ஊதிவிடும். புதிய ஹெட் வாங்க இயலாத டாக்சி உரிமையாளர், வளைந்ததைச் சமப்படுத்தித் தரும்படி பட்டறைக்கு அனுப்புவார். 'ஃபேஸிங்' எனப்பட்ட அவ்வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே, ஏற்றத்தில் எஞ்சினிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி எழும். அழுத்த விகிதம் உயர்ந்துவிட்டது என்பதன் அறிவிப்பு அது.

பிஸ்டன் கீழ்க்கோடியில் நிற்கும்போது உருளைக்குள் உள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேல்கோடிக்கு வந்தபின் எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். 1489 சி.சி. எஞ்சினில் ஓர் உருளையின் பங்கு 372 சி.சி. அந்த எஞ்சின் 8.3, 7.2 என இரு விகிதங்களில் வார்க்கப்பட்டது. தாழ்ந்தது மட்டமான பெட்ரோல் கிடைக்கும் நாடுகளுக்கானது. 7.2 என்று கொண்டால், மேலே எஞ்சும் இடம் 60 சி.சி. மட்டுமே. ஒரு பெரிய தேநீர்க் குவளையின் அளவுகூட இல்லாத இந்த இடத்தில்தான் சீவுதலின் முழு விளைவும் வந்து விழுகிறது.

வழக்கமான பிழை இங்கே பிறக்கிறது. துளையின் பரப்பு 42 சதுர சென்டிமீட்டர். ஆகவே 1 மில்லிமீட்டர் சீவினால் 4.2 சி.சி. குறையும், விகிதம் 7.67 ஆகும் என்று கணக்கிடுவோர் உண்டு. ஆனால் 'பி' வரிசை ஹெட்டில் ஹாரி வெஸ்லேக் வகுத்த எரியறை வட்டமானதன்று, இதய வடிவினது. உருளைத் துளையின் ஒரு பகுதியை மட்டுமே அது மூடும். அதன் வாய்ப்பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என வைத்துக்கொண்டால், குறைவது 3 சி.சி.; விகிதம் 7.53 தான். பழைய பக்கவால்வு எஞ்சினிலோ எரியறை பிஸ்டனின் மேலிருந்து பக்கத்து வால்வுகளின் மேல்வரை பரந்து கிடக்கும். அதன் வாய் துளையின் பரப்பையே விஞ்சக்கூடும். அங்கே வாய்ப்பரப்பு 55 எனவும் தொடக்க விகிதம் 6.5 எனவும் கொண்டால், அதே 1 மில்லிமீட்டர் விகிதத்தை 7.0 ஆக்கிவிடும். எரியறையின் ஓரங்கள் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், ஆழமாகச் சீவச் சீவ வாயும் சுருங்கும். ஆகவே முதல் அரை மில்லிமீட்டருக்குப் பொருந்திய எண் அடுத்த அரைக்குப் பொருந்தாது.

நம்பத்தக்க வழி அளந்து பார்ப்பதே. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, ஓரத்தில் கிரீஸ் தடவி, நடுவே துளையிட்ட கண்ணாடித் தகட்டால் எரியறையை மூடுவர். பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குமிழி எதுவும் தங்காமல் நிரம்பும்வரை எவ்வளவு சென்றது என்று குறிப்பர். அதனுடன் பிஸ்டன் முகட்டின் பள்ளத்தையும், நசுங்கிய நிலையில் கேஸ்கட் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கூட்ட வேண்டும். முக்கால் மில்லிமீட்டர் கேஸ்கட் ஒன்றே 3 சி.சி.க்கு மேல் தரும். 1 மில்லிமீட்டர் சீவியதை அது ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். சீவிய ஹெட்டுக்கு இரட்டைக் கேஸ்கட் போடும் பழக்கத்தின் காரணம் இதுவே. அழுத்தமானியைப் பிளக் துளையில் வைத்து, காட்டும் எண்ணை 14.7-ஆல் வகுத்து விகிதம் கண்டுவிட்டதாகக் கருதுவது வீண். அமுங்கும் காற்று சூடேறுவதால் எண் கூடும்; உள்வால்வு தாமதமாக மூடுவதாலும் பிஸ்டன் வளையத் தேய்வாலும் அது குறையும். அந்த மானி உருளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், அவ்வளவே.

7.2-க்கும் 7.6-க்கும் உள்ள சிறு வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதானது? இதற்கு விடை எஞ்சினில் இல்லை, பெட்ரோலில் இருக்கிறது. ஃபோர்டின் 'மாடல் டி' கார் 4.5 என்ற விகிதத்தில் தொடங்கி, பின்னாளில் 3.98-க்கு இறங்கியது, பெட்ரோலின் தரம் வீழ்ந்ததற்கேற்ப எஞ்சின் பணிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, ஓடும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றை அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் தட்டொலியின்றித் தாங்கும் உச்ச விகிதத்தை அளந்தார். அதன்பின் அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவுகோலை வகுத்தார். அதை அளக்க அமைந்த சோதனை எஞ்சினில் உருளையே ஏறி இறங்கும். பட்டறைக்காரர் உலோகத்தைச் சீவி ஒருமுறை மட்டும் செய்வதை, அது கைப்பிடியைச் சுழற்றி எத்தனை முறையும் செய்கிறது.

ஆக்டேன் எண்ணை மலிவாக உயர்த்திய வழி கொடியது. 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் ஈயம் தட்டொலியை அடக்குவதைக் கண்டார். 1924-இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த நஞ்சால் 5 தொழிலாளர்கள் இறந்தனர். அப்படியிருந்தும் விற்பனை உலகெங்கும் பரவியது. எஞ்சின் வரலாறுகள் இதைப் பெரும்பாலும் அழுத்த விகிதம் ஏறிய வெற்றிக்கதையாகவே சொல்கின்றன. புகையைச் சுவாசித்தவர்களுக்கு அதில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

இந்தியாவில் 87, 93 என்ற இரு தர பெட்ரோலிலும் ஈயம் கலந்தே வந்தது. 1994-இல் நான்கு பெருநகரங்களில் அதன் அளவு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைந்தது. 1995 ஏப்ரலில் வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய கார்களுக்காக அங்கே ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. ஈயத்தின் படிவு மெத்தையாக இருந்து காத்த பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் அதன்பின் தேயலாயின. பட்டறைக்கு ஹெட் மீண்டும் வந்தது. இம்முறை சீவுவதற்காக அல்ல, கடினமான இருக்கை வளையங்களைப் பதிப்பதற்காக.