சிரிச்சுச் சிரிச்சே பேச ஆரம்பிச்சோம்



நம்ம தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. என் மாமியாரும் அப்போதே குழுவில் சேர்ந்தவர். "பொம்பளைங்க கூடினா ஊர் உருப்படாது" என்று கத்திய மாமனார், கொஞ்ச நாளில் "உங்க சங்கத்துல கடன் குடுப்பாங்களா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லி அத்தை சிரிப்பார். அடி வாங்கினதை மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

2003-ல் மதுக்கடையை அரசே நடத்த வந்தது. எங்கள் காலத்துக் கதை அது. சந்தாப் பணத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரர் எடுத்துக் குடித்துவிட்டார். பருப்பு டப்பாவுக்கு மாற்றினேன், அதுவும் போச்சு. "உப்பு எங்கே இருக்குன்னு தெரியாத மனுஷனுக்கு இது மட்டும் எப்படிங்க தெரியுது?" என்று கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க வீட்டிலயும் இதேதான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அழுதுவிட்டாள்.

கூலி வாங்கின அன்றே சந்தாவை ஊக்குநரிடம் கட்டுவது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். தீர்மான நோட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. அதனால்தான் இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.