துண்டுக்குப் பின் வந்த தாள்

மலையகத்தில் ஒரு காலத்தில் தாள் என்றால் துண்டுதான். இந்த ஆளுக்குக் கடன் இவ்வளவு, அதை அடைத்துவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று எழுதிய சீட்டு. அது கையில் இல்லாதவரை அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கவ்வாத்தில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்ததில்லை.

இன்று ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகள் தேடும் தாள் வேறு: சர்வரையும் நெட்வேர்க்கையும் பராமரிக்கும் சிஸ்டம் அட்மினுக்கான சான்றிதழ். அமெரிக்காவில் நொவெல், மைக்ரோசொப்ட், சிஸ்கோ, ரெட்ஹாட் என்று ஆளாளுக்குத் தங்கள் சரக்குக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். எந்தக் கம்பனியையும் சாராத அளவுகோல் ஒன்று வேண்டும் என்று 1999இல் கனடாவில் லினக்ஸ் புரொபெஷனல் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. அதன் முதல் நிலைக்கு இரண்டு பரீட்சைகள். ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, 90 நிமிடம். சான்றிதழ் ஐந்து ஆண்டுகள் செல்லும்.

எனக்குப் பிடித்தது ரெட்ஹாட் முறை. கணினியை முன்னால் வைத்து, செய்துகாட்டு என்பார்கள். படிக்கிறவர்கள் முதலில் பழகுவது, பாஸ்வேர்ட் தெரியாத இயந்திரத்தைத் திறப்பது. மறுபடி துவக்கி, எழும்பும் அந்தச் சில நொடிக்குள் நிறுத்தி, துவக்க வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்து, உள்ளே போய்ப் புது பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது. கை பழகியிருக்க வேண்டும்.

ஆனால் இவை எதுவும் தமிழில் இல்லை. கட்டணமோ டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது, லயத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு முக்கால்வாசி மூடிவிட்டது.

மூடாத கதவு ஒன்று நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையின் கீழ் சான்றிதழ் தருகிறது. கணினி வன்பொருள், வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் அதில் தரம் வகுத்திருக்கிறார்கள். வகுப்பில் உட்காராமலே, இதுவரை செய்த வேலையைக் காட்டியும் பெறலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்பது அதற்குப் பெயர்.

என் அக்கா மகன் அந்த வழியில்தான் போனான். கொழும்பில் ஆறு வருஷம் கேபிள் இழுத்து, சர்வர் பார்த்தவன். கோப்பில் படங்கள், வேலைச் சீட்டுகள், கையால் வரைந்த நெட்வேர்க் வரைபடம் எல்லாம் இருந்தன. அங்கே வேலை செய்தான் என்று நிறுவனம் எழுதித் தரும் சேவைக் கடிதம் மட்டும் இல்லை. விலகி வந்த இடத்தில் நாளை, நாளை என்றார்கள். நாலு மாதம் அலைந்தான்.

உங்கள் வீட்டிலும் கொழும்பில் கணினி வேலை பார்க்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்: வேலையை விடுகிற நாளுக்குக் காத்திருக்காமல், கடிதத்தை இப்போதே கேட்டு வாங்கி வைக்கட்டும்.